யுனிக்ஸுக்கு ஓர் உரையாசிரியர்

பணிசெயல் முறைமை என்றால் என்னவென்று நம் உயர்தர வகுப்பு மாணவரிடம் வினவினால் விடை கணப்பொழுதில் வந்துவிடும். வன்பொருளுக்கும் பயனருக்கும் இடையே பாலமாக அமையும் மென்பொருள் என்பர். ஒரு சொல்லும் பிறழாது. பரீட்சையிற் புள்ளியும் கிடைக்கும். ஆயின் அந்தப் பாலம் எங்கே நிற்கிறது, அதனைக் கட்டியவர் யார், அதன்மேல் எது எப்பொழுது செல்கிறது என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் வகுப்பு மௌனமாகிவிடும். இதற்காக மாணவரைக் குறைகூறுதல் நேர்மையாகாது. அவர்கள் கைகளிற் புழங்கும் குறிப்புகள் யாவும் அந்த வாக்கியத்தோடு தொடங்கி, நினைவக முகாமைத்துவம், கோப்பு முகாமைத்துவம், சாதன முகாமைத்துவம் என்ற பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. பட்டியலிலுள்ள ஒவ்வொரு சொல்லும் நல்ல தமிழ்ச்சொல்தான். சொல்லுக்குப் பின்னே பொருள் இருக்கிறதா என்பதே கேள்வி.

இலக்கியச் சஞ்சிகையொன்றில் இவ்விடயத்துக்கு என்ன இடம் என்று சில நண்பர்கள் வினவக்கூடும். பணிசெயல் முறைமை எழுதப்பட்ட ஒன்று. மனிதர் உட்கார்ந்து, சொல்லைத் தேர்ந்து, அடித்துத் திருத்தி எழுதியது. அதற்கு ஆசிரியருளர், பதிப்புகளுள, பாடபேதங்களுள. அவ்வளவேயன்றி, அதற்கு வரிவரியாக உரை கண்டவரும் ஒருவர் உளர். உரை என்று வந்துவிட்டால் தமிழாசிரியர் ஒதுங்கி நிற்பதற்கு நியாயமில்லை. அந்த உரையை நூல் என்ற முறையில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரையாசிரியர் பெயர் ஜோன் லயன்ஸ். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அவர் உரை கண்ட மூலம் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் ஆறாம் பதிப்பு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடங்கிய அவ்வாக்கம் 1973இல் சி என்னும் மொழியில் மீள எழுதப்பட்டது. 1975இல் ஆறாம் பதிப்பாக வெளிவந்தது. தொலைபேசித் துறையில் ஏகபோகம் செலுத்திய ஏரீ அன்ட் ரீ நிறுவனத்துக்கு உரியது பெல் ஆய்வுகூடம். அந்நிறுவனம் தொலைத்தொடர்புக்குப் புறம்பான வணிகத்தில் இறங்கலாகாது என்று 1956இல் நீதிமன்ற இணக்கத் தீர்ப்பொன்று கட்டுப்படுத்தியிருந்தது. ஆதலால் யுனிக்ஸைப் பண்டமாக விற்க அதற்கு வழியிருக்கவில்லை. சொற்பக் கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு கொடுத்தது. முதலாளியின் தாராள மனத்தால் அறிவு பரவியது என்று இதனைப் பாராட்டுவோரும் உளர். சட்டம் ஒரு கையைக் கட்டிவைத்த இடைவேளையிற் பரவியது என்பதே வரலாறு.

1976இல் லயன்ஸ் தம் மாணவருக்காக இரு தொகுதிகளை ஆக்கினார். ஒன்று மூலநிரல்; ஏறக்குறைய 9,000 வரிகள், ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு. மற்றது அதற்கான உரை. தச்சனிடம் பயிலும் சிறுவன் முன்னோர் செய்த தேரைத் தொட்டுப் பார்த்தே கற்கிறான். கவிதை எழுத விரும்புபவன் கவிதை படிக்கிறான். செய்நிரல் எழுதப் பயிலும் மாணவன் மட்டும் பிறர் எழுதிய பெரிய செய்நிரல் எதனையும் படிப்பதில்லை. முழுமையான ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை படித்தால் அவன் நிலை மாறும் என்பது லயன்ஸின் நம்பிக்கை. எளிய நம்பிக்கைதான்; ஆயினும் அதனைச் செயற்படுத்தியோர் அக்காலத்தில் மிகச் சிலரே.

அவர் முறையை நோக்குமிடத்து நம் உரையாசிரியர் மரபு நினைவுக்கு வராமற் போகாது. நச்சினார்க்கினியர் ஒரு பாட்டின் சேய்மையிற் கிடக்கும் சொற்களை எடுத்து இணைத்துப் பொருள் கூறுவார்; அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறார். செய்நிரலில் இந்த மாட்டு உரையாசிரியரின் விருப்பமன்று, மூலத்தின் இயல்பு. 1,600ஆம் வரியை அண்டி நிற்கும் ஒரு சொல் 2,000ஆம் வரிக்கு அப்பாலுள்ள ஒரு பகுதியை அழைக்கும். அது வேறொன்றை அழைக்கும். எண்ணிட்ட வரிகளைக் கொண்டு லயன்ஸ் வாசகனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார். கோப்புகளின் வரிசையைப் பின்பற்றாது, பொறியை இயக்கியதும் முதலில் நிகழ்வது யாது, அதன்பின் யாது என்ற நிகழ்ச்சி வரிசையில் உரையைத் தொடங்குகிறார். எளிய வரிகளை ஒரு சொல்லோடு கடந்துவிடுகிறார்; அரிய இடத்தில் நின்று விசேடவுரை எழுதுகிறார். சேனாவரையர் போலத் தடைவிடை எழுப்பும் இடங்களும் உண்டு. மூலத்தை வழிபடும் உரையன்று இது. இவ்விடம் செப்பமாக அமையவில்லை, வேறு வகையாக எழுத இயலுமா என்று மாணவனை உசாவுகிறது.

இவ்வுரை நமக்குக் காட்டுவது என்ன? பாலம் என்ற உவமை பொய் என்பதைத்தான்.

திருகோணமலைத் துறைமுகத்தருகே வாழும் நமக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பல் தன் விருப்பப்படி உள்ளே நுழைவதில்லை. அனுமதி கேட்கிறது, பைலட் ஏறுகிறார், கோதுமைக் கப்பலாயின் பிறிமா மா ஆலையின் துறைக்கும், வேறு சரக்காயின் சீனக்குடாவிலுள்ள அஷ்ரப் ஜெற்றிக்கும் வழிகாட்டப்படுகிறது. துறை வெறுமையாக இல்லாவிடின் காத்திருக்க வேண்டும். பொறியிலும் அவ்வாறே. ஒரு சாதாரண செய்நிரல் தட்டைத் தொடவோ அச்சுப்பொறியை இயக்கவோ அதிகாரமற்றது. மையச் செயலியே அதனைத் தடுத்துவிடும். அதற்கு வேண்டியதைக் கேட்டு ஒரு விண்ணப்பம் விடுக்கலாம். முறைமை அழைப்பு எனப்படுவது இதுவே. அழைத்த கணத்தில் செயலி உயர் அதிகார நிலைக்கு மாறுகிறது. கருவகத்தின் வரிகள் ஓடத் தொடங்குகின்றன. கருவகம் என்பது பணிசெயல் முறைமையின் உட்பகுதி. ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்துக் ‘கேணல்’ என்று எழுதுவோரும் உளர். படைகள் நிறைந்த எமது ஊரில் அது வேறு பொருள் தரும்.

உவமை இங்கே ஒரு படி தாழ்ந்துவிடுகிறது; தாழும் இடத்திலேதான் உண்மை இருக்கிறது. துறைமுகத்திற் கப்பல் வேறு, அதிகாரி வேறு. கப்பல் உறங்கினும் அதிகாரி விழித்திருப்பார். ஒரே செயலியுடைய பொறியிலோ ஆள்வதும் ஆளப்படுவதும் அந்த ஒன்றையே மாறிமாறிப் பயன்படுத்துகின்றன. மாணவனின் செய்நிரல் ஓடும் வேளையில் பணிசெயல் முறைமை ஓடுவதில்லை. அது நினைவகத்தில் எழுத்தாகக் கிடக்கிறது, அவ்வளவே. எங்கும் நிறைந்து எல்லாவற்றையும் கண்காணிக்கும் பரம்பொருள் என்ற எண்ணத்தை மாணவர் மனத்திற் குறிப்புகள் வளர்த்துவிடுகின்றன. அப்படி ஒன்று அங்கே இல்லை.

பின் கட்டுப்பாடு எங்ஙனம் மீள்கிறது? ஒரு செய்நிரல் முடிவின்றிச் சுழன்று செயலியை விடாது பற்றிக்கொண்டால் என் செய்வது? லயன்ஸின் உரையில் நாம் மிக விரும்பிப் படித்த பகுதி இதற்கு விடையளிப்பது. பொறியில் ஒரு கடிகாரம் உண்டு. அது மின்வழங்கலின் அலைவைப் பின்பற்றி நொடிக்கு 50 அல்லது 60 தடவை செயலியைக் குறுக்கிடும். அக்குறுக்கீட்டைச் செய்நிரல் மறுக்க இயலாது. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் கருவகத்தின் சில வரிகள் ஓடி, அப்போது செயலியைக் கையிலே வைத்திருந்த செய்நிரலின் கணக்கில் ஒன்றைக் கூட்டுகின்றன. நொடிக்கொரு முறை எல்லாக் கணக்குகளும் திருத்தப்படுகின்றன. மிகுதியாக உண்டவனுக்கு முன்னுரிமை இறங்கும், காத்திருந்தவனுக்கு ஏறும். இந்த நீதி எங்கும் வானத்தில் எழுதப்படவில்லை. கூட்டல், கழித்தல், 16ஆல் வகுத்தல் என ஒருசில வரிகளில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை அக்கணக்கைக் கையாற் செய்து பார்க்கலாம்.

காத்திருத்தல் எப்படி நிகழ்கிறது என்பதையும் இங்கேயே காண்கிறோம். ஒரு செய்நிரல் கோப்பொன்றைப் படிக்க வேண்டுகிறது. வேண்டிய துண்டம் நினைவகத்தின் இடைத்தாங்கிகளில் இருந்தால் உடனே கிடைக்கும். ஆறாம் பதிப்பில் இத்தகைய தாங்கிகள் 15 மாத்திரமே. ஒவ்வொன்றும் 512 பைட்டு. அங்கே இல்லையெனில் தட்டுக்கு ஆணை போகிறது. தட்டு சுழன்று எடுத்துத் தரும்வரை செயலியின் கணக்கில் ஒரு யுகம். அதுவரை கேட்டவன் உறங்குகிறான். எதற்காக உறங்குகிறான் என்ற குறிப்பு அவன் பெயருக்கெதிரே பதியப்படுகிறது. செயலி அடுத்தவனிடம் போகிறது. தட்டு வேலையை முடித்ததும் குறுக்கீடு எழுப்புகிறது. அக்காரணத்துக்காக உறங்கிய அனைவரும் எழுப்பப்படுகின்றனர். ஒருவரையன்று, அனைவரையும்! வளம் ஒன்றே. எழுந்தவருள் ஒருவன் பெற்றுக்கொள்கிறான். மற்றவர் தாமே மீளச் சோதித்து, இல்லையெனக் கண்டு, மீண்டும் உறங்குகின்றனர். கூலிவேலைக்கு ஆள் எடுக்கும் வாயிலில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

சமத்துவம் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைத்தல் ஆகாது. யுனிக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. எண் சுழியமாயின் அவர் மீப்பயனர், அவருக்குத் தடையேது? முன்னுரிமைக் கணக்கிலும் இந்த வேறுபாடு உண்டு: சாதாரணர் தம் முன்னுரிமையைத் தாமாகவே தாழ்த்திக்கொள்ளலாம், உயர்த்திக்கொள்ளச் சுழியத்தாரால் மட்டுமே முடியும். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அறிய விரும்பும் மாணவன் மூலத்தில் அந்தச் சோதனை நிகழும் வரிகளைத் தேடிப் படித்தாற் போதும். சமூகத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஆவணம் நம் கைக்கு எளிதிற் கிட்டுவதில்லை.

மூலத்தின் 2238ஆம் வரியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஓடும் செய்நிரலை நிறுத்தி மற்றொன்றை ஓடவிடும் இடம் அது. அங்கே மூல ஆசிரியர்கள், வாசகர் இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கப்படவில்லை என்னும் பொருள்பட ஒரு குறிப்பை இட்டிருந்தனர். கணினி உலகில் நகைச்சுவையாகப் பரவிய குறிப்பு இது. சிலர் இதனை அகந்தை என்றனர். பரீட்சையில் இவ்விடம் கேட்கப்படாது என்ற தொனியிலேயே எழுதினோம் என்று றிச்சி பின்னாளில் விளக்கினார். தாங்களும் அவ்விடத்தைச் செவ்வனே விளங்கியிருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அந்த உத்தி ஒரு குறிப்பிட்ட பொறியின் இயல்பை நம்பி நின்றது. அடுத்த பதிப்பில் மாற்றி எழுதப்பட்டது. லயன்ஸ் அவ்விடத்தை ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. எது எங்கே சேமிக்கப்படுகிறது, எது எங்கிருந்து மீட்கப்படுகிறது என்று வாசகனை அதற்குள்ளே இட்டுச் செல்கிறார். ஆசிரியனே கதவைச் சாத்திய இடத்தில் உரையாசிரியன் விளக்கேற்றுவது நம் மரபிலும் பெருமைக்குரியதே.

ஆயினும் கதவுகள் வேறிடத்திற் சாத்தப்பட்டன. 1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பிற் கற்பிக்கலாகாது என உரிமத்தில் விதிக்கப்பட்டது. யுனிக்ஸ் விலைபோகும் பண்டமென்று நிறுவனம் உணர்ந்துவிட்டது. நூலைப் படிக்கலாம், வகுப்பில் விளக்கலாகாது என்று ஒரு பதிப்பாளர் விதித்தால் தமிழாசிரியர் சும்மா இருப்போமா? ஆங்கே மாணவரும் சும்மா இருக்கவில்லை. லயன்ஸின் தொகுதிகள் பிரதிக்குப் பிரதியாக, பிரதியின் பிரதியாகப் பரவின. எழுத்து மங்கி, ஓரம் வெட்டுண்டு, ஐந்தாம் தலைமுறைப் பிரதியைப் படித்தவர்கள் பின்னாளில் அதனைப் பெருமையோடு நினைவுகூர்ந்தனர். ஓலைச்சுவடியைத் தாம் படிக்காமலும் பிறருக்குக் காட்டாமலும் வைத்திருந்த வீடுகளின் வாயிலில் நம் பதிப்பாசிரியர் நின்ற கதையை நாம் அறிவோம். திருகோணமலையிற் பிறந்த த. கனகசுந்தரம்பிள்ளை போன்ற அறிஞர்கள் சென்னையிலிருந்து பழந்தமிழ் ஏடுகளோடு உழன்றதும் அக்காலப் பகுதியிலேதான். லயன்ஸின் உரை முறைப்படி நூலாக அச்சேறியது 1996இல். இருபது ஆண்டுகள் கழித்து. 1998இல் அவர் மறைந்தார்.

எமது துறைமுகமும் ஒரு பூட்டைக் கண்டது. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய அதில் உழைத்தோருள் இவ்வூரார் பலர். உழைத்தவருக்கு உள்ளே செல்லும் அனுமதிச்சீட்டு இருந்தது. திட்டமும் வரைபடமும் வேறிடத்தில் இருந்தன. இன்று நம் பாடசாலைகளிற் கணினியை இயக்குவோரின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

உரையின் குறைகளையும் கூறுதல் விமர்சகன் கடன். லயன்ஸ் தெரிந்தெடுத்த பொறி இன்று காட்சிச்சாலைக்கு உரியது. அப்பொறியில் ஒரு செய்நிரலுக்கு 64 கிலோபைட்டுக்கு மேல் முகவரிவெளி கிடையாது. வலையமைப்பு ஒன்றுமே இல்லை. பல செயலிகள் ஒருங்கே இயங்கும் சிக்கலும் இல்லை. பகைவன் உள்ளே நுழைவான் என்ற எண்ணம் மூலத்திலும் மெலிது, உரையிலும் மெலிது. எல்லாவற்றுக்கும் மேலாக, இம்முறைமை யாருக்காக இயங்குகிறது என்ற வினாவை லயன்ஸ் எழுப்பவேயில்லை. 1956ஆம் ஆண்டுத் தீர்ப்போ நிறுவனத்தின் நலனோ அவர் உரைக்குள் வருவதில்லை. சொல்லுக்குச் சொல் பொருள் கண்டு, பாட்டு எழுந்த காலத்தைக் காணாது விடும் பழைய உரைகளின் குறை இவரிடமும் உண்டு. அவரைக் கற்கும் நாம் அதனை நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தடை விளைத்த பயன் வேறு. வகுப்பிற் கற்பிக்க ஒன்றுமில்லாது போனமையால் அன்றூ தனன்போம் 1987இல் மினிக்ஸ் என்ற சிறு முறைமையைத் தாமே எழுதி, நூலோடு வெளியிட்டார். அதனைப் படித்த பின்லாந்து மாணவர் லினஸ் தோவல்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். 1983இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கருவிகள் அதனோடு இணைந்தன. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமை எழுத்தில் வந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எமது கரையையும் தாக்கியபோது, இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிய ‘சஹானா’ என்ற முறைமையை விரைந்து ஆக்கினர். அதனை லினக்ஸ் போன்ற திறந்த ஆக்கங்களின் மீதே கட்டினர். 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. படிக்கும் உரிமை கிடைத்த இடத்தில் இலங்கையர் எழுதவும் செய்தனர் என்பதற்கு இது சான்று.

படியாத இடத்தில் நேர்வது யாது? இதற்கும் நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கடிதம் வேறொரு கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தோன்றுவதை அறியாத எழுதுவினைஞர் எமது மாவட்டத்தில் இல்லை. பாமினியில் எழுதுவோர் உண்மையில் ஆங்கில எழுத்துகளையே சேமிக்கின்றனர்; தமிழ் என்பது மேலே போர்த்திய படம். ஒருங்குறியிலோ ‘கொ’ என்பது ககர மெய்யெழுத்தின் உயிர்மெய் வடிவும் ஒகரக் குறியுமாக வரிசையிற் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் பிரித்து வரைவது முறைமை மென்பொருளின் வேலை. வின்டோஸில் அவ்வேலை 2000ஆம் ஆண்டுப் பதிப்போடு தமிழுக்கு வந்தது. எழுத்து எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்ற இவ்வேறுபாடு விளங்கியிருந்தால் எத்தனையோ அலுவலகங்களின் கோப்புகள் இன்று தேடிப் படிக்கத்தக்கனவாக இருந்திருக்கும்.

தமிழில் இவற்றைக் கற்பித்தல் இயலாது என்போர்க்கு ஈழத்தில் எப்போதோ விடை கிடைத்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியரைப் பயிற்றினார். அவர் கலைச்சொற் பட்டியலோடு நிற்கவில்லை. உடலை அறுத்துக் காட்டி அதற்குத் தமிழிற் பெயர் சொன்னார். நாமோ பெயரை முதலிலே கொடுத்துவிட்டு உடலைக் காட்டாது விடுகிறோம்.

லினக்ஸின் கருவகம் இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. அதற்கு ஒருவர் உரை காண்பது கனவு. ஆனால் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார் லயன்ஸின் வழியைப் பின்பற்றி, 2006இல் ஆறாம் பதிப்பை இன்றைய பொறிகளுக்கேற்ப மீள எழுதி எக்ஸ்வி6 என்று பெயரிட்டனர். சில ஆயிரம் வரிகள். வரியெண் இட்ட அச்சுப் பிரதியும் ஆங்கில உரையும் உண்டு. படிக்கவும் பிரதி செய்யவும் மாற்றவும் உரிமமும் உண்டு. பழைய மூலத்தையும் 2002இல் அதன் அன்றைய உரிமையாளர் திறந்துவிட்டனர். உரிமம் தடை என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

தமிழுரை எழுதப் புகுவோர் மூலத்தின் ஆங்கிலக் குறிப்பெயர்களை மாற்றவேண்டியதில்லை. தொல்காப்பியச் சூத்திரத்தை மாற்றாமலே இளம்பூரணர் உரை எழுதினார். முழுவதையும் ஒருவரே எழுதவேண்டும் என்பதுமில்லை. கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர், செய்நிரல் பழகிய மாணவர் இருவர் கூடியிருந்தால் மாதத்துக்கு ஐம்பது வரி நகரும். ‘ஸ்லீப்’, ‘வேக்கப்’ என்ற இரு பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். உறங்கவைப்பதும் எழுப்புவதுமான அவை இரண்டும் சேர்ந்தே நூறு வரிக்கு உட்பட்டவை. உறங்கப் போகிறவன் காரணத்தைப் பதிவதற்கும் உறங்குவதற்கும் இடைப்பட்ட கணத்தில் எழுப்பும் ஒலி வந்துவிட்டால் என்ன நேரும் என்ற தடையை உரையின் முதற் பக்கத்திலேயே எழுப்பவேண்டும். அதற்கான விடை மூலத்தில், பூட்டு ஒன்றை எப்போது எடுப்பது, எப்போது விடுவது என்ற ஓரிரு வரிகளிற் கிடக்கிறது.